எட்டாவது பிழை

என்னுடைய நூறாவது ஆராய்ச்சிக் கட்டுரைக்குக் கல்லூரியில் பாராட்டு விழா வைத்தார்கள். முதல்வர் பொன்னாடை போர்த்தி, "முடிவுறு புலங்களில் முனைவர் ஹெப்சிபாவை மிஞ்ச ஆளில்லை" என்று மைக்கில் முழங்கினார். அவர் வேதியியல்காரர். முடிவுறு புலம் என்கிற கணிதப் பிரிவு என்னவென்று அவருக்குத் தெரியாது. நூறு என்றால் தெரியும். எங்கள் தொழிலில் அதுவே போதும்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்த நூறில் முழுசாகச் சமைத்தது முப்பது தேறினால் அதிகம். மற்றவை ஒரே தோசையை மூன்றாகக் கிள்ளி மூன்று தட்டில் வைத்த கதைதான். பதவி உயர்வுப் படிவத்தில் எத்தனை கட்டுரை என்று கேட்கக் கட்டம் இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று கேட்கக் கட்டம் இல்லை. எல்லோரும் கிள்ளினார்கள், நானும் கிள்ளினேன்.

விழா முடிந்து வெளியே வந்தபோது அரங்க வாசலில் அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு முதல் தகவல் அறிக்கையின் நகல். பலமுறை மடித்துப் பிரித்ததில் மடிப்போரம் கிழிந்திருந்தது.

"ஹெப்சிபா டீச்சருங்களா? என் பேரு வசந்தாமணிங்க. சூலூர்லருந்து வாரேன். அந்த நினைவுச் சிப்புக்குக் கணக்குப் போட்டது நீங்கதான்னு வக்கீல் சொன்னாரு."

"கணக்கு நான் போட்டது. சிப்பு கம்பெனி செஞ்சது" என்றேன். யார் கேட்டாலும் இதுதான் என் வழக்கமான பதில்.

"என்ற வீட்டுக்காரரு கொலை பண்ணுனாருன்னு உங்க கணக்குச் சொல்லுதுங்க."

தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து மடித்துப் பையில் வைத்தேன். அதைப் போட்டுக்கொண்டு அந்தப் பேச்சைக் கேட்கக் கூச்சமாக இருந்தது.

நினைவுச் சில்லு மறதி நோய்க்காரர்களுக்காக வந்தது. காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் வைப்பார்கள். மூளையிலிருந்து நழுவுவதை அது பிடித்துவைத்துக்கொண்டு, வேண்டும்போது திருப்பிக் கொடுக்கும். மாநிலத்தில் நாற்பதாயிரம் பேருக்கு வைத்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை மருத்துவமனையில் சில்லைப் படித்துச் சோதிப்பார்கள். அப்படிப் படிக்கையில் பெருங்குற்றம் எதுவும் தென்பட்டால் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்று ஒரு சட்டம். அந்தச் சட்டம் வந்த நாளில் நான் எதிர்ப்பும் சொல்லவில்லை, ஆதரவும் சொல்லவில்லை. தொண்ணூற்றேழாவது கட்டுரையில் இருந்தேன்.

வசந்தாமணியின் கணவர் நாச்சிமுத்து, மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுபவர். அறுபத்தெட்டு வயது. அவருடைய தம்பி குப்புசாமி நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், மோட்டாரின் அடிவால்வைச் சுத்தம் செய்யக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் இறங்கினான். பிணமாகத்தான் மேலே வந்தான். விபத்து என்று எழுதி அன்றைக்கே முடித்துவிட்டார்கள். இந்த வருஷச் சோதனையில் நாச்சிமுத்துவின் சில்லில் அந்தக் காட்சி கிடைத்தது. தம்பி தண்ணீரில் கத்திக்கொண்டிருக்க, அண்ணன் கயிற்றை மேலே இழுத்துக்கொள்கிறார்.

"அவர் என்ன சொல்றார்?"

"கேட்டா ஆமாங்கறாருங்க. நாந்தான் இழுத்தேங்கறாரு. ஜெயில் ஆஸ்பத்திரியில வெச்சிருக்காங்க."

"அப்படிச் செஞ்சிருப்பார்னு நீங்க நம்புறீங்களா?"

அவர் அறிக்கையின் கிழிந்த மடிப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "கணக்குல தப்பு இருக்குதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க டீச்சர்" என்றார். பாவம், பயந்துபோயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நாச்சிமுத்துவின் வக்கீல் சென்னியப்பன் நீதிமன்றத்தில் மனுப்போட்டு, சில்லு திருத்துவதற்கு முந்தைய மூலப்பதிவை வாங்கிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அரை மணி நேர வேலை என்றுதான் நினைத்தேன்.

சில்லு நினைவைப் படமாக வைப்பதில்லை. யார், எங்கே, கையில் என்ன, வெயிலா மழையா, கண்ணால் பார்த்ததா காதால் கேட்டதா என்று நூற்றுக்கணக்கான கேள்விகளுக்கு எண்களில் பதிலாக வைக்கிறது. அந்த எண்களுக்குக் காவலாக இன்னும் சில எண்கள். நாள்படச் சில எண்கள் தேய்ந்து மாறிவிடும். ஏழு எண்கள் வரை மாறினால், என் கணக்கு பழையதைத் துல்லியமாகக் கண்டுபிடித்துத் திருத்திவிடும். அதை நிரூபித்துத்தான் நான் பேராசிரியர் ஆனேன்.

இங்கே எட்டு மாறியிருந்தது.

எட்டு என்றால் சில்லு கையை விரித்திருக்க வேண்டும். இது விரிக்கவில்லை. கூசாமல் ஒரு பதிலைக் கொடுத்து, "பிழை இல்லை" என்று முத்திரையும் குத்தியிருந்தது. மறுபடி போட்டுப் பார்த்தேன். மூலப்பதிவிலிருந்து சரியாக எட்டு எண் தள்ளி, ஒன்றல்ல, இரண்டு நினைவுகள் இருந்தன. ஒன்றில் நாச்சிமுத்து கயிற்றை மேலே இழுக்கிறார். இன்னொன்றில் அவர் கயிற்றைக் கீழே வீசுகிறார், தம்பிதான் பிடிக்கத் தவறுகிறான். ஒரு மயிரிழைகூட வித்தியாசமில்லாமல் இரண்டும் ஒரே தூரத்தில் இருந்தன.

சில்லு எப்படி ஒன்றைத் தேர்ந்தெடுத்தது என்று கம்பெனியின் குறிப்பேட்டைப் புரட்டினேன். அடிக்குறிப்பில் இந்தக் கணக்கைப் பற்றிய என் முதல் கட்டுரையின் பெயரும் பக்க எண்ணும் இருந்தன. அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். என் வாக்கியம்தான். "சமதூரத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவை இருப்பின், ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொள்க."

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். எழுந்து எங்கே போவதென்று தெரியாமல் மறுபடியும் உட்கார்ந்தேன். ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொள்க! கணக்கு எழுதுகிறவர்கள் தினமும் எழுதுகிற வரி இது. எதை எடுத்தாலும் நிரூபணம் நிற்கும், எங்களுக்கு அதற்குமேல் கவலையில்லை. கம்பெனிக்காரர்கள் வரிசையில் எது முதலில் வருகிறதோ அதை எடுத்துவிட்டார்கள். அந்த வரிசையில் இழுப்பது முதலில் வந்தது, வீசுவது இரண்டாவதாக வந்தது. அவ்வளவுதான் விஷயம். ஒரு மனிதர் கொலைகாரர் ஆகிவிட்டார்.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. ஏழுக்கு மேல் போனால் எந்தப் பதிலையும் நம்பாதே, கிட்டத்தில் இருப்பதே உண்மை என்று எண்ணாதே, உண்மை இன்னும் தள்ளியும் இருக்கலாம் என்று நான் எழுதியிருக்கிறேன். இந்தக் கணக்கை மூன்று கட்டுரையாகக் கிள்ளியதில் மூன்றாவது துண்டில் எழுதியிருக்கிறேன். முதல் துண்டை உலகமே படித்தது. மூன்றாவது ஒரு சின்னக் கருத்தரங்கின் மலரில் வந்தது. அதை மேற்கோள் காட்டியவர் இதுவரை ஒரே ஒருவர். அதுவும் நான்தான்.

சாட்சிக்கூண்டில் ஏறுவது எனக்கு அதுதான் முதல்முறை. கம்பெனியின் வக்கீல் இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார்.

"மேடம், உங்க கணக்கைக் கொஞ்சம் எளிமையா நீதிபதிக்குச் சொல்ல முடியுமா?"

"ஒவ்வொரு நினைவையும் ஒரு வீடுன்னு வெச்சுக்கங்க. வீடுகளைத் தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கோம். நினைவு தேய்ஞ்சு வாசலைத் தாண்டிக் கொஞ்சம் தூரம் வந்துட்டாலும், எந்த வீட்டு ஆள்னு பாத்துத் திரும்பக் கொண்டுபோய் விட்டுடலாம். ரெண்டு வீட்டுக்கும் நட்டநடுவுல வந்து நின்னா எந்த வீடுன்னு சொல்ல முடியாது. இதுல இன்னொண்ணு, யாருமே குடியிருந்திராத வீடுகளும் நிறைய இருக்கு. சிப்பு அதுக்குள்ளயும் கொண்டுபோய் விட்டுடும். உள்ளே போனவருக்கு அது சொந்த வீடு மாதிரியே இருக்கும்."

"இந்த எச்சரிக்கை நீங்க எழுதின கட்டுரையில இல்லையே?"

"மூணாவது கட்டுரையில இருக்கு."

"ஒரே கண்டுபிடிப்புதானே? எதுக்கு மூணு கட்டுரை?"

நீதிமன்றத்தில் என் மாணவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். துறைத் தலைவரும் வந்திருந்தார்.

"பதவி உயர்வுக்கு மூணு வேண்டியிருந்தது" என்றேன்.

நீதிபதி எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இந்த ரெண்டுல எது நடந்ததுன்னு உங்களால சொல்ல முடியுமா?"

"முடியாதுங்க ஐயா. தெரியாது."

முப்பது வருஷத்தில் நான் பொதுவில் "தெரியாது" என்று சொன்னது அன்றைக்குத்தான்.

நாச்சிமுத்து விடுதலையானார். கூடவே நீதிமன்றம் ஓர் உத்தரவும் போட்டது. இனி ஏழு பிழைகளைத் தாண்டிய நினைவு எதையும் சில்லு ஊகிக்கக் கூடாது, "தெரியவில்லை" என்று விட்டுவிட வேண்டும். நான் மூன்றாவது துண்டில் எழுதியது வரிக்கு வரி சட்டமாகிவிட்டது. சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை.

நாற்பதாயிரம் பேரின் நினைவுகளில் பத்துக்கு ஒன்று ஏழு பிழைகளைத் தாண்டியிருந்தது. புதிய மென்பொருளை ஏற்றிய அன்றே அவை எல்லாம் போய்விட்டன. பேசிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நின்றார்கள். ஒரு பெண் எங்கிருந்தோ என் எண்ணைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டாள். "எங்கப்பா நேத்துவரைக்கும் எங்கம்மாவைப் பத்தி ஆசையா பேசிட்டிருந்தார். இன்னைக்குப் போட்டோவைக் காட்டினா இது யாருன்னு கேக்கறார். நேத்துப் பேசினது பொய்யாவே இருந்துட்டுப் போகட்டும், உங்களுக்கு என்ன வந்தது?" என்று கத்தினாள். அவளே வைத்துவிட்டாள். இப்படி நாளைக்குப் பத்து அழைப்புகள் வந்தன.

என்னால் ஒருவராவது நன்றாக இருக்கிறாரா என்று பார்த்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று பட்டது. சனிக்கிழமை மதியம் பஸ் ஏறிச் சூலூருக்குப் போனேன்.

நாச்சிமுத்து வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்து காயில் கட்டிக்கொண்டிருந்தார். கைக்குச் சில்லு தேவைப்படவில்லை. செம்புக் கம்பி அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. வெள்ளந்தியான முகம்.

"வாங்க, வாங்க. உக்காருங்க. நீங்கதான் என்னைக் காப்பாத்துன டீச்சராம்ல? வசந்தா சொல்லுச்சு" என்றார். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "எனக்கு ஒரு தம்பி இருந்தானாமுங்க. கெணத்துல போயிட்டானாம். எனக்குச் சுத்தமா நெனப்பில்லீங்க" என்றார்.

இழுத்ததும் போய், வீசியதும் போய், தம்பியே போய்விட்டான். இந்த ஆறுதலைப் பார்க்கத்தான் நான் பஸ் ஏறி வந்திருந்தேன்.

வசந்தாமணி என்னைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். காப்பி போட்டு டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, கதவைப் பாதி சாத்தினார்.

"டீச்சர், கோர்ட்டுல ரெண்டு வீடுன்னு சொன்னீங்க. அவரு இழுத்தது ஒண்ணு, வீசுனது ஒண்ணு."

"ஆமாம்மா."

"ரெண்டுமில்லீங்க. அவரு அன்னிக்கு ஊருலயே இல்ல. திருப்பூருக்குப் போயிருந்தாரு. கெணத்துமேட்டுல இருந்தது நானு."

டம்ளர் கையைச் சுட்டது. கீழே வைக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

"கண்ணாலமாயி ஆறு மாசமுங்க. அந்தக் குப்புசாமி என்னைய வீட்டுல நிம்மதியா ஒரு நாளு இருக்க விட்டதில்ல. கதவத் தாப்பாப் போட்டுக்கிட்டுத்தான் துணி மாத்துவேன். மாமியாகிட்டச் சொன்னா, கொழுந்தனுக்கு வெளையாட்டுன்னாங்க. அன்னிக்கு அவன் எறங்குனான். நெலைகொள்ளாத தண்ணியில கயித்த விட்டுட்டு மேல பாத்து ஒரு பேச்சுப் பேசுனான் பாருங்க, அதை இப்பவும் என் வாயால சொல்ல முடியாது. கயித்த இழுத்துப்போட்டேன். அம்பது எண்ணிட்டுப் போடலாம்னு நெனச்சேனுங்க. பயந்தான்னா புத்தி வருமில்ல. முப்பத்திரெண்டுலயே சத்தம் நின்னுபோச்சு."

வெளியே காயில் சுற்றும் சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் நானே சொல்லிட்டேன். படுத்துட்டு இருந்தாரு. ஒரு வார்த்தை பேசல. திரும்பிப் படுத்துக்கிட்டாரு. அப்புறம் இன்னிவரைக்கும் அந்தப் பேச்சையே எடுத்ததில்ல. ரெண்டு புள்ளைக பொறந்தாச்சு, கட்டிக் குடுத்தாச்சு. அந்த மனுசன் என்னைய என்னன்னு நெனச்சுட்டுக் கூட இருந்தாருன்னு எனக்குத் தெரியாதுங்க. நாப்பத்திரெண்டு வருசமா தெரியாது."

எட்டு தள்ளி இரண்டு வீடுகளைக் கண்டதோடு நான் தேடுவதை நிறுத்தியிருந்தேன். ஒன்பது தள்ளிப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் அங்கே ஒரு மூன்றாவது வீடு இருந்திருக்கும். கிணற்றுமேட்டில் ஒரு பெண் நிற்கும் காட்சி, கண்ணால் கண்டதல்ல, காதால் கேட்டது. உண்மை இன்னும் தள்ளியும் இருக்கலாம் என்று எழுதியவளே நான்தான். என் கட்டுரையை நானும் ஒழுங்காகப் படிக்கவில்லை.

வசந்தாமணி இன்னும் நெருங்கி வந்தார். "சோதனைக்கு ஒரு மாசம் இருக்கும்போது, மோட்டார் ரூமுல தனியா உக்காந்து ஏதோ முணுமுணுத்துட்டே இருப்பாருங்க. வெயில் எறங்குற வரைக்கும் அதே வேலை. சாமி பேரு சொல்றாருன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரியில சிப்பப் படிச்சா என் விசயம் வந்துரும்னு அவருக்குத் தெரியும். அதுக்காவ நாந்தான் பண்ணுனேன், நாந்தான் பண்ணுனேன்னு சொல்லிச் சொல்லி மாத்திக்கிட்டாரா? இல்ல, நீங்க சொன்ன மாதிரி வெறும் தேய்மானமா? அத மட்டும் கணக்குப் பாத்துச் சொல்லுங்க டீச்சர். அதுக்குத்தானுங்க மொத நாளே உங்ககிட்ட வந்தேன்."

ஒரு நினைவை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் சில்லு அதைப் புதிதாக எழுதிவைக்கிறது. ஒருவர் பிடிவாதமாகத் திரும்பத் திரும்ப வேறு மாதிரி நினைத்தால் எண்கள் மாறும். அது சாத்தியம்தான். ஆனால் என் கணக்கின் முதல் வரியே, பிழைகள் தற்செயலாக விழுகின்றன எனக் கொள்க, என்பதுதான். ஒரு மனிதர் வேண்டுமென்றே, அன்பினால், தன்னைத் தானே பிழையாக்கிக்கொள்வார் என்று நான் ஓரிடத்திலும் எழுதவில்லை.

"மாறின எண்ணைப் பாத்தா மாறினதுதான்மா தெரியும். தேய்ஞ்சு மாறுச்சா, அவர் மாத்துனாரான்னு அதுல இருக்காது" என்றேன். "அவரையே கேக்கலாம்னா, இப்ப அவருக்கு எதுவும் நினைவில்ல. என்னாலதான். என்னை மன்னிச்சிடுங்க."

அவர் அழவில்லை. என் கையிலிருந்த டம்ளரை வாங்கி மேடையில் வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பாதி சாத்தியிருந்த கதவைத் திறந்து முன்கூடத்துக்குப் போனார். என்ன செய்யப்போகிறார் என்று எனக்குப் புரிந்தபோது அவர் கணவருக்கு எதிரே நின்றிருந்தார். தடுக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன்.

"ஏனுங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்."

"சொல்லு."

வசந்தாமணி எல்லாவற்றையும் சொன்னார். தாழ்ப்பாளைச் சொன்னார், மாமியாரைச் சொன்னார், கயிற்றைச் சொன்னார், முப்பத்திரண்டு வரைக்கும் எண்ணியதைச் சொன்னார். என்னிடம் சொல்லாத அந்தப் பேச்சையும் சொன்னார். செத்தது அவருடைய கூடப்பிறந்த தம்பி என்பதையும் ஒளிக்கவில்லை. நாச்சிமுத்து முதல்முறையாகக் கேட்பவர் எப்படிக் கேட்பாரோ அப்படித்தான் கேட்டார், ஏனென்றால் அவருக்கு அது முதல்முறைதான். கம்பி சுற்றும் கை எப்போதோ நின்றிருந்தது. எழுந்து அடித்துவிடுவாரோ, வீட்டைவிட்டுப் போ என்று சொல்லிவிடுவாரோ என்று நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வசந்தாமணி தலையைக் குனிந்துகொண்டு அசையாமல் நின்றார்.

பிறகு நாச்சிமுத்து தெருப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"புள்ள, இதை வேற யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

"இந்த டீச்சருகிட்ட மட்டுந்தானுங்க."

"வேற யாருகிட்டயும் சொல்லீராத. நாளைக்கு எவனாச்சும் வந்து கேட்டா, நாந்தான் பண்ணுனேன்னு நான் சொல்லிக்கிறேன்."

வசந்தாமணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.